சம்பாதிக்காத ஒரு வண்டி

நாமக்கல்லில் ஒரு வண்டியைப் பார்த்தால் முதலில் எழும் கேள்வி, "டிரிப்புக்கு என்னங்க நிக்குது?" என்பதுதான். டீசல், சுங்கம், டிரைவர் படி, டயர் தேய்மானம், மாத டியூ எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று அர்த்தம். லாரியும் டிரெய்லரும் டேங்கரும், பக்கத்துத் திருச்செங்கோட்டின் போர்வெல் வண்டிகளும் நாடெங்கும் ஓடிக் கொண்டுவந்த பணத்தில்தான் இந்த வட்டாரத்தில் வீடுகள் எழும்பின, பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். நான் லாரி ஓட்டியவரின் மகள். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் கல்யாணமான நாள் முதல் கணக்கு எழுதுகிறவள். வண்டியைப் பிழைப்பாகவே பார்த்து வளர்ந்தவள். 52 வயதில், எதையும் சுமக்காத, ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காத ஒரு மோட்டார் சைக்கிளை என் பெயரில் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லிமலை ஏறி இறங்குவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது.

அது சரியான செலவு என்று நான் நம்புகிறேன். வீட்டுக் கடன் அடைந்து, பிள்ளைகள் தங்கள் காலில் நின்ற பிறகு, ஓட்டுகிற சந்தோஷம் ஒன்றுக்காகவே ஒரு வண்டி வாங்க நடுவயதுக்காரருக்கு முழு உரிமை உண்டு. நகை வாங்கினால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. காலி மனை வாங்கிப் போட்டு முள்செடி வளர விட்டாலும் கெட்டிக்காரர் என்பார்கள். வண்டி என்றால் மட்டும் "இந்த வயசுல எதுக்குங்க?" என்று வருகிறது. என் அப்பா வாழ்நாளெல்லாம் ஸ்டீயரிங் பிடித்தவர். அவர் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டரும் யாரோ ஒருவருடைய சரக்குக்காக ஓடியது. தனக்காக ஓட்டியதில்லை. அதை நினைக்கும்போது, "எதுக்கு?" என்கிற கேள்வியை என்னால் மதிக்க முடிவதில்லை.

வாங்கலாமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதை வாங்குவது என்பதுதான் பேச வேண்டிய விஷயம். என் கருத்து இதுதான்: நடுவயதில் வாங்கும் வண்டி, நமக்குப் பக்கத்தில் உள்ள சாலைக்கும் இன்று நமக்கு உள்ள உடம்புக்கும் பொருந்த வேண்டும். இருபது வயதில் ஏங்கியதற்காகவும், என்றைக்கோ போகப்போகும் லடாக்குக்காகவும் வாங்கினால் அது தார்ப்பாய்க்குள் போய்விடும்.

தார்ப்பாய் என்று சும்மா சொல்லவில்லை. ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும், போர்டிகோவின் ஓரத்தில் போர்வை மூடிய பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். பழைய வண்டி வாங்கி விற்கும் கடைகளில், வாங்கிச் சில ஆண்டுகள் ஆகியும் டயரின் ஓரம் தேயாத கனமான வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. வாங்கியவர்கள் பெரும்பாலும் நாற்பத்தைந்து, ஐம்பதைத் தொட்ட ஆண்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆசை உண்மையானது, பணமும் உழைத்துச் சேர்த்தது. ஆனால் 200 கிலோ எடையுள்ள வண்டியைக் காலை ஐந்தரை மணிக்கு, தூக்கம் கலைந்தும் கலையாத உடம்போடு, மற்ற வண்டிகளுக்கு நடுவே இருந்து பின்னால் தள்ளி எடுக்க வேண்டும் என்றால் மனம் சுணங்கும். இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தோன்றும். அப்படியே பேட்டரி இறங்கிவிடும்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், எங்கள் தலைமுறைக்கு அதற்கு ஒரு வயது உண்டு. 1980-களின் நடுவில்தான் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டில் 100 சிசி வண்டிகள் இந்தியச் சாலைக்கு வந்தன. ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி வந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி100 வந்தது. அதே ஆண்டில் யமஹா ஆர்எக்ஸ்100 வந்தது. அதற்கு முன்பு கனமான புல்லட், ஜாவா, ராஜ்தூத், இல்லாவிட்டால் ஸ்கூட்டர் என்றிருந்த ஊரில் ஆர்எக்ஸ்100 என்ன செய்தது என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 98 சிசி, டூ-ஸ்ட்ரோக், 11 குதிரைசக்தி, எடை 100 கிலோவை ஒட்டி. சத்தத்தை வைத்தே யார் வருகிறார் என்று சொல்லிவிடுவோம். எங்கள் பெரியப்பா மகன் வைத்திருந்தார். கல்லூரிக்குப் போகும் பையன்களெல்லாம் அதைச் சுற்றி நிற்பார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பின்சீட்டுகூடக் கிடையாது, பார்த்துக்கொண்டு நிற்க மட்டும்தான் அனுமதி. 1996-ல் உற்பத்தி நின்றது, மாசுக் கட்டுப்பாடு இறுகியதும் டூ-ஸ்ட்ரோக்குகளின் காலம் முடிந்தது. இன்று அந்த வண்டிக்குக் கேட்கும் விலையில் புது வண்டியே வாங்கலாம்.

நன்றாகப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்து, தானும் கையில் கிரீஸ் பூசிக்கொள்ளத் தயார் என்றால் பழைய ஆர்எக்ஸோ, வலது காலில் கியர் மாற்றும் பழைய புல்லட்டோ அருமையான துணை. திருவொற்றியூரில் 1956 முதல் புல்லட் செய்த கைகளின் வேலையை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறவர்களை நான் மதிக்கிறேன். அவர்களுக்குச் சந்தோஷம் பட்டறையிலும் பாதி இருக்கிறது. ஆனால் ஓட்டத்தான் ஆசை என்றால், இரண்டு பக்கமும் டிரம் பிரேக் உள்ள, 15 ஆண்டு தாண்டி ஆர்.சி. புதுப்பித்துப் பசுமை வரி கட்டி, உதிரி பாகத்துக்கு அலைய வேண்டிய வண்டி ஐம்பது வயதில் முதல் வண்டியாக இருக்கக் கூடாது. இருபது வயதில் கிடைக்காதது ஓட்டும் சுதந்திரம். அதை அதே இரும்பில்தான் தேட வேண்டும் என்பதில்லை.

கொல்லிமலைக்கு வருகிறேன். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. ஒரு வளைவு முடிந்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். இரண்டாவது கியர், மிஞ்சினால் மூன்றாவது. இந்தச் சாலையில் 650 சிசி இன்டர்செப்டரின் 47 குதிரைசக்தியை எங்கே அவிழ்த்துவிடுவது? வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே சில நூறு அடிதான் நேர்ச்சாலை. அதற்குள் எதிரே அரசுப் பேருந்து வரும், மிளகு மூட்டையோடு பிக்கப் வரும், குரங்கு குறுக்கே ஓடும். 20 குதிரைசக்தி இந்த மலைக்கு நிறைவாகப் போதும். அந்த இருபதையும் முழுதாகப் பயன்படுத்தி, எஞ்சினை அதன் இஷ்டத்துக்குச் சுற்றவிட்டு, கியரை நாமே தீர்மானித்து ஏறும்போது கிடைக்கிற நிறைவு, பாதிக்கும் மேல் சக்தியை அடக்கி வைத்துக்கொண்டு ஏறுவதில் கிடைக்காது.

தமிழ்நாட்டில் மலைச்சாலை ஓட்டம் பெரும்பாலும் இப்படித்தான். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு, மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு 36, ஏற்காட்டுக்கு 20, ஏலகிரிக்கு 14. மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டும் இடங்கள் குறைவு. லடாக்கின் லே நகரம் நாமக்கல்லிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. பட்டறையை, கடையை, வயதான மாமியாரை விட்டுவிட்டு அத்தனை நாள் போகிறவர் எத்தனை பேர்? போகிறவர் போகட்டும், அது பெரிய அனுபவம். ஆனால் அந்த ஒரு பயணத்துக்காக உயரமான சீட்டும் பெரிய டேங்கும் உள்ள வண்டியை வாங்கி, மீதி ஆண்டெல்லாம் அதைக் கொண்டு காய்கறிச் சந்தைத் தெருவில் திணறுவது நியாயமில்லை. லடாக்குக்கு அங்கேயே வாடகைக்கு வண்டி கிடைக்கிறது.

எடைதான் முதல் விஷயம் என்று நான் சொல்வதற்கு உடம்புதான் காரணம். பெண்கள் இதைக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் குறைய, எலும்பின் அடர்த்தியும் குறைகிறது. முப்பது வயதில் சிராய்ப்போடு போன விழுகை, ஐம்பதில் மணிக்கட்டு முறிவாகலாம். நின்றுகொண்டிருக்கும்போது வண்டி சாய்ந்தால் அதைப் பிடித்து நிறுத்தக் காலும் இடுப்பும் வேண்டும். 195 கிலோ வண்டிக்கும் 160 கிலோ வண்டிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு அரிசி மூட்டைக்கும் மேல். ஓடும்போது அது தெரியாது. சரளைக் கல் கிடக்கும் சரிவில் நிறுத்தித் திருப்பும்போது தெரியும்.

ஆண்களுக்கும் கணக்கு வேறல்ல. முழங்கால், இடுப்பு, அதைவிடச் சர்க்கரை. நீண்ட நாள் சர்க்கரை உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கும். பின்பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பாதம்தான் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு மலை ஏறினால் பாதி வழியில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும். இட்லியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது, டயரில் காற்று பார்ப்பதற்குச் சமமான பாதுகாப்பு.

கண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும். ஷோரூம் வெளிச்சத்தில் பளபளக்கும் மீட்டரின் சின்ன எழுத்து, நண்பகல் வெயிலில் ஹெல்மெட் கண்ணாடிக்குள் மூக்குக் கண்ணாடியோடு பார்த்தால் தெரிகிறதா என்று வாங்கும் முன் பார்க்க வேண்டும். இரவில் நிலைமை இன்னும் கடினம். வயது ஏற ஏற, எதிர் வண்டியின் ஒளி கண்ணில் அடித்த பிறகு பார்வை மீளக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. இன்றைய எல்இடி விளக்குகளை டிம் செய்யாமல் வருகிறவர்கள்தான் அதிகம். அதனால் சந்தோஷத்துக்கான ஓட்டத்தை விடிந்த பிறகு தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும் என்பது என் கட்டுப்பாடு. இதனால் எதையும் இழக்கவில்லை. மலையின் நல்ல நேரமும் அதுதான்.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் பதினாறரை மீட்டருக்கு மேல் கடக்கும். ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக, இளம் வயதைவிட அரை விநாடி தாமதமானால் எட்டு மீட்டர் போய்விடும். எங்கள் பட்டறையில் கட்டுகிற 24 அடி பாடியைவிட அது நீளம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில், 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் வந்தவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் இடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இந்த எண்களைப் பார்த்து வண்டி வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இந்த எண்களோடுதான் வண்டி வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். வேகம் குறைந்த மலைச்சாலைக்கும், எடை குறைந்த வண்டிக்கும், நல்ல பிரேக்குக்கும் நான் வாதாடுவது இதனால்தான்.

பிரேக் என்றால் இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளிலும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் விலை குறைந்த மாடல்களில் அது முன்சக்கரத்துக்கு மட்டும் இருக்கும். சில ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் டூயல் சேனல் கிடைக்கும்போது அலாய் நிறத்துக்கும் ஸ்டிக்கருக்கும் கூடுதலாகக் கொடுத்துவிட்டு இதில் மிச்சம் பிடிப்பது எனக்குப் புரிவதில்லை. மழைக்குப் பிறகு கொல்லிமலை வளைவுகளில் மண்ணும் சரளையும் அரித்து வந்து கிடக்கும். அங்கே பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி நம் கையில் இல்லை.

எங்கள் தலைமுறைக்கு இதில் ஒரு பழைய பாடத்தை மறக்க வேண்டிய வேலையும் இருக்கிறது. "முன் பிரேக்கப் புடிச்சா தூக்கி எறிஞ்சுரும்" என்று சொல்லித்தான் எல்லோருக்கும் வண்டி கற்றுக்கொடுத்தார்கள். மண் ரோட்டில், டிரம் பிரேக்கில், அப்போது அது காரணமில்லாத பயமில்லை. ஆனால் பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. அப்போது ரோட்டை இறுக்கிப் பிடிப்பது முன் டயர்தான், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. பின்பிரேக்கை மட்டும் நம்புகிறவர் தனக்கு இருக்கும் பிரேக்கில் பாதிக்கும் மேல் பயன்படுத்தாமல் போகிறார். ஆளில்லாத மைதானத்தில் முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பழகினால் விரல்கள் கற்றுக்கொள்கின்றன. இறக்கத்தில் மட்டும் அப்பா சொன்ன லாரிப் பாடம் அப்படியே பொருந்தும்: ஏறுன கியர்லயே எறங்கு, நியூட்ரல்ல விடாத. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். சட்டமும் அதையே சொல்கிறது.

ஷோரூமுக்குப் போனபோது "தம்பிக்குங்களாக்கா?" என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்றதும் அந்தப் பெண் ஊழியர் முகத்தில் வந்த மகிழ்ச்சி எனக்குப் பிடித்திருந்தது. அவரே சாவியை எடுத்து வந்தார். என் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். சீட் உயரம் என்று விளம்பரத்தில் போடும் மில்லிமீட்டரை மட்டும் பார்த்தால் போதாது என்பது உட்கார்ந்து பார்த்தபோது புரிந்தது. சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடை விரிந்து, எண் குறைவாக இருந்தும் கால் எட்டாது. ஒடுக்கமாக இருந்தால் உயரமான சீட்டிலும் பாதம் ஊன்றும். அன்றாடம் போடுகிற செருப்போடு அல்லாமல், ஓட்டப்போகிற ஷூவோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ராயல் என்ஃபீல்டு கிளாசிக்கின் 195 கிலோ எனக்கு அதிகம். ஹன்டர் 181 கிலோ, சீட் 790 மில்லிமீட்டர், இழுவை அதிகம். மனம் அதில் நெடுநேரம் நின்றது. கடைசியில் டிவிஎஸ் ரோனின் எடுத்தேன். 225.9 சிசி, 20 குதிரைசக்திக்குக் கொஞ்சம் மேல், சீட் 795 மில்லிமீட்டர், எடை 160 கிலோ. ஐந்து மில்லிமீட்டர் உயரத்தை விட்டுக்கொடுத்து இருபது கிலோவை மிச்சம் பிடித்தேன். கிளட்ச் இலகுவாக இருந்தது, மலையில் இடது கை ஓயாமல் வேலை செய்யும் என்பதால் அதுவும் கணக்கில் வந்தது. ஓசூர்க்காரர்களின் வண்டி என்பதில் ஒரு சின்ன சந்தோஷமும் உண்டு. ஐந்தடி பத்தங்குலம் உள்ள, முழங்கால் வலிக்கிற ஒருவர் இதே கணக்கைப் போட்டால் வேறு வண்டியில் போய் நிற்பார். அவர் போடும் கணக்கு சரியாக இருந்தால் போதும்.

ஷோரூம்களிடம் ஒன்று கேட்க வேண்டும். டெஸ்ட் ரைடு என்று நெடுஞ்சாலையில் நேராக ஒரு கிலோமீட்டர் அனுப்புகிறார்கள். அதில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். வாங்க வருகிறவர் செய்து பார்க்க வேண்டியது வேறு. ஸ்டாண்டிலிருந்து எடுத்து, எஞ்சின் அணைத்தபடி சரிவில் பின்னோக்கித் தள்ளிப் பார்ப்பது. குறுகிய தெருவில் காலை ஊன்றாமல் திருப்புவது. பத்து முறை நின்று கிளம்புவது. முடிந்தால், விழுந்த வண்டியைத் தூக்கும் முறையைத் தெரிந்தவர் ஒருவரை வைத்துக் கற்றுக்கொள்வது. வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிட வேண்டும், தூக்கும்போது மறுபக்கம் சாயாது. கியரில் போட்டுவிட்டு, சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, ஒரு கை ஹேண்டில்பாரிலும் ஒரு கை பின்பக்கக் கம்பியிலும் வைத்து, காலால் அடியடியாகப் பின்னால் நகர்ந்து நிமிர்த்த வேண்டும். குனிந்து கையால் இழுத்தால் இடுப்பு போய்விடும். இதை ஒருமுறை தனியாகச் செய்துவிட்டால், அந்த வண்டியோடு எங்கும் போகலாம் என்ற துணிச்சல் வந்துவிடுகிறது.

பணத்தில் என் கொள்கை கறாரானது. சந்தோஷத்துக்கு வாங்கும் வண்டிக்கு டியூ இருக்கக் கூடாது. எங்கள் தொழிலில் தெரிந்தது இது: டியூ கட்டுகிற வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வீட்டில் ஒரு கேள்வி எழும். மழை பெய்து மூன்று வாரம் எடுக்காமல் விட்டால் அந்த வண்டி மனதை அரிக்கத் தொடங்கும். நான் ஏலச்சீட்டில் கடைசி ஆள்வரை காத்திருந்து முழுத் தொகையாக எடுத்து வாங்கினேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும் உதவியது. அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 40 சதவீதம். அடிவாரம் தாண்டாத கனமான வண்டிக்கு அத்தனை வரி கட்டுவதற்குப் பதில், மிச்சத்தில் நல்ல ஹெல்மெட், கைமுட்டியும் தோளும் காக்கும் ஜாக்கெட், கையுறை, கணுக்கால் மூடும் ஷூ என்று வாங்கிவிடலாம். துப்பட்டாவும் சேலை முந்தானையும் செயினுக்குப் பக்கத்தில் வரவே கூடாது. பின்சீட்டுப் பெண்ணின் சேலைக்காகச் சட்டம் பின்சக்கரத்துக்கு ஒரு கம்பி கார்டு கேட்கிறது. முன்சீட்டுப் பெண்ணுக்குப் பேன்ட்தான் பாதுகாப்பு.

பெண்களுக்கு மேலும் இரண்டு விஷயம். ஸ்கூட்டர் ஓட்டுகிற பலரிடம் இருப்பது கியர் இல்லாத வண்டிக்கான உரிமம். மோட்டார் சைக்கிளுக்குக் கியர் வண்டி அனுமதியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். எல்எல்ஆர் போட்டு, முப்பது நாள் கழித்து எட்டுப் போட்டுக் காட்டினால் கிடைத்துவிடும். நாற்பது தாண்டியவருக்கு மருத்துவர் சான்று வேண்டும். இரண்டாவது, வண்டியை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். காப்பீட்டோடு வருகிற 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, உரிமம் உள்ள உரிமையாளர் ஓட்டும்போது அவருக்குத்தான். ஆர்.சி. வீட்டுக்காரர் பெயரில் இருந்து நீங்கள் ஓட்டினால் அந்தக் காப்பு உங்களுக்கு இல்லை. ஓட்டுகிறவர் பெயரில் ஆர்.சி. இருப்பது கௌரவத்துக்காக மட்டுமல்ல.

ஓட்ட எத்தனை வயதுவரை முடியும் என்று கேட்கிறார்கள். 55 வயதுக்குப் பிறகும் ஐந்தைந்து ஆண்டுக்கு உரிமம் புதுப்பிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. எழுபதிலும் புல்லட்டில் பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவர்களை எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் பார்க்கலாம். கண்ணும் காலும் சொல்லும்வரை ஓட்டலாம். எடை குறைந்த வண்டி அந்த ஆண்டுகளை நீட்டித்தும் கொடுக்கும்.

குறை ஒன்று இருக்கிறது. அதை அரசுதான் தீர்க்க முடியும். ஊருக்கு ஊர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, பெரும்பாலும் காருக்குத்தான். மோட்டார் சைக்கிளை அண்ணனோ, கணவரோ, பக்கத்து வீட்டுப் பையனோ பின்னால் ஓடிவந்து கற்றுத்தருகிறார்கள். அவர்களுக்கு அவர்களுடைய அண்ணன் கற்றுத்தந்தது. முன் பிரேக் பயம் தலைமுறை தாண்டி வருவது இப்படித்தான். வாரக் கடைசியில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தேர்வுத் திடல் காலியாகத்தான் கிடக்கிறது. அங்கே ஏபிஎஸ் உள்ள வண்டி இரண்டும், பிரேக்கும் வளைவும் தெரிந்த பயிற்றுநர் ஒருவரும் இருந்தால் போதும். கட்டணம் வாங்கிக்கொள்ளட்டும். இருபது வயதுப் பையனும் வருவான், ஐம்பது வயதில் முதன்முதலாகக் கியர் வண்டி பழக வருகிற பெண்ணும் வருவாள். நாமக்கல்லில் வடக்கு, தெற்கு என்று இரண்டு அலுவலகங்கள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றில் தொடங்கிப் பார்க்கலாம்.